தோளுக்கு வரும் கணக்கு

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் மெயின் ரோடுகளில் காலை நேரத்தில் ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்ப வண்டி வந்து நிற்கும். இரண்டு பேர் பெட்டியை இறக்குவார்கள். பக்கத்தில் ஒரு காவலர் நீளமான துப்பாக்கியோடு தெருவைப் பார்த்தபடி நிற்பார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் ரகத் துப்பாக்கி. ஒற்றைக்குழல் என்றால் லைசென்ஸில் எஸ்.பி.பி.எல். என்றும், இரட்டைக்குழல் என்றால் டி.பி.பி.எல். என்றும் எழுதியிருக்கும். வேலையில் இருக்கும் காலம் முழுக்க அதைச் சுடவேண்டிய அவசியமே அவருக்கு வராமல் போகலாம்.

ஆனால் இந்த வகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது உதையைப் பற்றிய பேச்சுதான். "12 போர் பலமா உதைக்கும், 20 போர் மெதுவா இருக்கும், 410 குழந்தை மாதிரி" என்று ஒரு வரிசையே சொல்வார்கள். உள்ளூர் வேட்டைக் கதைகளிலிருந்து துப்பாக்கிக் கடைவரை உலவும் தீர்ப்பு இது. பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள பிளஸ் ஒன் இயற்பியல் போதும். உந்தம் மாறா விதிக்கு உதாரணமாகப் பாடப்புத்தகம் எப்போதும் துப்பாக்கியைத்தான் காட்டுகிறது. ஆனால் மதிப்பெண் வாங்கியதும் அந்தச் சமன்பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்த அத்தியாயத்தில் அதைத் தோள்வரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

எண் கூடினால் குழல் குறுகும்

முதலில் அந்த எண்கள். 12, 16, 20, 28 என்று எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். காரணம் பழைய ஆங்கிலேய அளவுமுறை. ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் சுத்த ஈயத்தை எடுத்து 12 சம உருண்டைகளாகச் செய்தால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். உருண்டையின் எடை 37.8 கிராம், விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாகச் செய்தால் ஒவ்வொன்றும் 22.7 கிராம், குழலின் விட்டம் 15.6 மில்லிமீட்டர். 28 போருக்கு 14 மில்லிமீட்டர். 410 மட்டும் இந்த வரிசையில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன நேர் விட்டம்: 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீட்டர். பழைய முறைப்படி எண்ணினால் அது கிட்டத்தட்ட 67 போர் ஆகும்.

ஆக, இந்த எண் குழலின் அகலத்தைத்தான் சொல்கிறது. உள்ளே எத்தனை கிராம் ரவை (சிறு ஈயக்குண்டுகள்) போட்டிருக்கிறது, அது என்ன வேகத்தில் போகிறது, துப்பாக்கி எத்தனை கிலோ என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. உதையைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

போவதும் வருவதும்

விசையை இழுக்கும் முன் துப்பாக்கியும் தோட்டாவும் அசையாமல் இருக்கின்றன. மொத்த உந்தம் பூஜ்யம். சுட்ட பிறகு முன்னே போகும் பொருள்களின் உந்தமும் பின்னே வரும் துப்பாக்கியின் உந்தமும் சேர்ந்து மறுபடி பூஜ்யமாக வேண்டும். முன்னே போவது ரவை மட்டுமில்லை. வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் வாட் என்கிற அடைப்பானும் கூடவே போகும். எரிந்து வாயுவான வெடிமருந்தும் போகும். அது ஒன்றரை கிராம்தான் என்றாலும், ரவையைவிட வேகமாகக் குழலை விட்டு வெளியேறுவதால் அதன் பங்கும் கணக்கில் சேரும்.

ஒரு கணக்குப் போடுவோம். பறக்கும் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியில் பயன்படும் 12 போர் தோட்டாவில் 24 கிராம் ரவை. வாட் இரண்டரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் உந்தம் 10.6. வாயுவுக்கு 0.8 சேர்த்தால் மொத்தம் 11.4 கிலோகிராம் மீட்டர்/வினாடி. போட்டித் துப்பாக்கியின் எடை 3.7 கிலோ. 11.4-ஐ 3.7-ஆல் வகுத்தால் துப்பாக்கி வினாடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 18 ஜூல்.

இப்போது அதே 12 போரில் ஏ.டி.எம். காவலர் வைத்திருப்பதுபோன்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குழல் ஒன்றுதான் என்பதால் எடை குறைவு, 2.7 கிலோ என்று வைக்கலாம். அதில் 32 கிராம் தோட்டாவைப் போட்டு, ரவை 385 மீட்டர் வேகத்தில் போனால் மொத்த உந்தம் 14.2. துப்பாக்கி பின்வரும் வேகம் 5.3 மீட்டர், ஆற்றல் 37 ஜூல். குழலின் எண் மாறவில்லை. உதை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

20 போர் எப்படி? 24 கிராம் ரவை, 385 மீட்டர் வேகம், துப்பாக்கி 2.7 கிலோ. உந்தம் 10.7, வேகம் 4 மீட்டர், ஆற்றல் 21 ஜூல். மென்மையானது என்று பெயர் வாங்கிய 20 போர், கனமான 12 போர் போட்டித் துப்பாக்கியைவிடக் கூடுதலாகவே உதைக்கிறது. 28 போரில் 21 கிராம் ரவை, இரண்டரை கிலோ துப்பாக்கி என்றால் 15 ஜூல். 410-இல் 14 கிராம் ரவை, 2.3 கிலோ என்றால் 8 ஜூல். அந்த வாய்மொழி வரிசையின் கடைசி இடம் மட்டும் சரியாக அமைகிறது. அதற்குக் காரணமும் குறுகிய குழல் இல்லை, தோட்டாவில் இருக்கும் கொஞ்ச ரவைதான்.

எண்களை நான் தோராயமாகத்தான் எடுத்திருக்கிறேன். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும், துப்பாக்கிக்குத் துப்பாக்கி எடை மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. 12 போருக்கும் 20 போருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரு 12 போருக்கும் இன்னொரு 12 போருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். 50 கிராம் ரவை ஏற்றிய 76 மில்லிமீட்டர் மேக்னம் தோட்டாவை 3.2 கிலோ துப்பாக்கியில் சுட்டால் 60 ஜூலைத் தாண்டிவிடும். அதுவும் 12 போர்தான்.

இதில் எடையின் வேலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உந்தம் ஒன்றாகவே இருந்தால், ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழாக மாறும். தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கியின் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் உதையின் ஆற்றல் 11 சதவீதம் ஏறும். "தூக்க இலகுவா இருக்கு" என்று கடையில் மெச்சி வாங்கும் துப்பாக்கி, முதல் தோட்டாவிலேயே அந்த இலகுக்கு விலை கேட்கும்.

தொண்ணூற்றாறின் ரகசியம்

துப்பாக்கி செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் பிடிபட்டிருந்தது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர். அவர் பெயரால் ஒரு விதி இன்றும் வழங்குகிறது: துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப்போல் 96 மடங்காவது இருக்கவேண்டும். 24 கிராமுக்கு 2.3 கிலோ, 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு 3.07 கிலோ.

அந்தக் காலத்து ஆங்கிலத் துப்பாக்கி நூல்களில் இன்னொரு எல்லையும் உண்டு. பின்வரும் வேகம் வினாடிக்கு 15 அடியைத் தாண்டினால் நாள் முழுக்கச் சுடுபவருக்குத் தலைவலி வரும் என்பார்கள். 15 அடி என்பது 4.57 மீட்டர். நாம் மேலே போட்ட 32 கிராம் தோட்டாவின் உந்தம் 14.2. இதைக் கிரீனர் சொல்லும் 3.07 கிலோவால் வகுத்தால் வருவது 4.6 மீட்டர். இரண்டு பட்டறை விதிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 96 என்பது மனிதத் தோளும் தலையும் எத்தனை வேகத்தைச் சலிக்காமல் தாங்கும் என்பதை எடையின் மொழியில் எழுதியது.

நாம் கணக்குப் போட்ட ஒற்றைக்குழலை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்கு 32 கிராம் என்றால் 84 மடங்கு. போட்டித் துப்பாக்கியோ 154 மடங்கு.

ஹாங்சோவில் மூன்று பேர்

2023 அக்டோபர் 1-ஆம் தேதி சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் டிராப் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து, நம் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் ஆகிய மூவர் சேர்ந்து 375 தட்டுகளில் 361-ஐ உடைத்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தொண்டைமான் கலந்துகொண்டார்.

டிராப் ஆட்டத்தில் 15 மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து ஒரு தட்டு சீறிக்கொண்டு வெளியே வரும். விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், தகுதிப் போட்டியில் ஐந்து சுற்றுகள். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். முதல் தோட்டாவில் தவறினால் கண் இமைக்கும் நேரத்தில் அடுத்தது போகவேண்டும். அதற்குள் முதல் உதை குழலைத் தட்டின் பாதையிலிருந்து விலக்கிவிடக் கூடாது.

சர்வதேச விதிப்படி 12 போருக்கு மேல் அகலமான குழல் கூடாது, சிறியது வைத்துக்கொள்ளலாம். தோட்டாவில் ரவை 24 கிராம்தான். ஒரு காலத்தில் 32 கிராம் இருந்தது; பிறகு 28 ஆனது; அப்புறம் 24. இந்த இறக்கத்தால் தோளுக்குக் கிடைத்த லாபத்தையும் கணக்கிடலாம். அதே 3.7 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் தோட்டா 27 ஜூல் உதைத்தது; 24 கிராம் தோட்டா 18 ஜூல். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

விதி சின்னக் குழலை அனுமதிக்கிறது என்றால், உதைக்கு அஞ்சுபவர்கள் 20 போருக்கு மாறியிருக்க வேண்டுமே? சர்வதேச டிராப்பில் எல்லார் கையிலும் 12 போர்தான் இருக்கிறது. ரவையின் உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்றே என்றால் குழலைச் சுருக்கி மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. அகன்ற குழலில் 24 கிராம் ரவை குட்டையான அடுக்காக உட்காரும். குறுகிய குழலில் அதே ரவை நீண்டு நிற்கும். ரவை குழல் சுவரில் உரசிச் சிதைவதும் நெருக்கத்தில் நசுங்குவதும் நீண்ட அடுக்கில் கூடும். அப்படிச் சிதைந்த ரவை சீராகப் பரவாது. அதோடு 12 போருக்கே உரிய கனமான உடல், உதையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அதிகம் உதைக்கும் என்று பேர் வாங்கிய ரகத்தை, குறைவாக உதைக்கிறது என்பதற்காகவும் அவர்கள் எடுக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தை ராஜா அண்ணாமலைபுரத்துவாசி தன் பேட்டையில் பார்க்க முடியாது. 2.4 மில்லிமீட்டர் ரவை மேல்நோக்கிச் சுட்டால் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய் விழும். அங்கே கிரீன்வேஸ் சாலையில் எங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தூரத்துக்குள் மாடி வீடுகள் வந்துவிடும். நகரத்துக்குள் நடக்கும் துப்பாக்கிப் பயிற்சி ரைபிளும் பிஸ்டலும்தான். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்றது பிஸ்டல் பிரிவுகளில். அதிலும் ஏர் பிஸ்டலை எடுத்தால் ஈயக்குண்டு அரை கிராம், வேகம் 150 மீட்டர், பிஸ்டலின் எடை ஒரு கிலோ. பின்வரும் வேகம் வினாடிக்கு ஏழரை சென்டிமீட்டர். உதை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

கணக்கிலிருந்து தோளுக்கு

இதுவரை பார்த்தது துப்பாக்கியின் கணக்கு. தோளின் கணக்கு வேறு. 18 ஜூல் என்பது வரும் சரக்கு. அது எப்படி இறக்கப்படுகிறது என்பதில்தான் வலியும் வலியின்மையும் இருக்கின்றன.

விசை இழுத்ததும் ரவை குழலைக் கடக்க மூன்று மில்லிவினாடி போல ஆகும். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது அரை சென்டிமீட்டர்தான். மீதி நகர்வு ரவை வெளியேறிய பிறகு நடக்கிறது. தோளின் சதையும் உடலின் சாய்வும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் அதை நிறுத்துவதாக வைத்தால், 18 ஜூலை 0.03 மீட்டரால் வகுக்க, சராசரி விசை 600 நியூட்டன். ஒரு சிமெண்ட் மூட்டையின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், இரண்டு சென்டிவினாடிக்கு மட்டும். ஒற்றைக்குழலின் 37 ஜூலுக்கு இது 1,200 நியூட்டனைத் தாண்டும். நிறுத்தும் தூரத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் விசை கால்பங்கு குறையும். பின்கட்டையின் முனையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பேட் செய்யும் வேலை இதுதான். உந்தத்தில் ஒரு துளியைக்கூட அது குறைப்பதில்லை. நேரத்தை நீட்டுகிறது, அவ்வளவே. வாயுவின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு இயங்கும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி மென்மையாகத் தெரிவதற்கும் காரணம் இதே. உள்ளே போல்ட் பின்னால் ஓடி நிற்கும்வரை உதை பரவலாகி, ஒரே அடியாக வராமல் தள்ளலாக வருகிறது.

புதிதாகச் சுடுபவர் செய்யும் தவறு, வலிக்குமே என்று கட்டையைத் தோளிலிருந்து சற்றே விலக்கிப் பிடிப்பது. அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துப்பாக்கி தன் முழு வேகத்தையும் எட்டிவிடுகிறது. பிறகு வருவது தள்ளல் இல்லை, குத்து. இறுக்கிப் பிடித்தால் தோளும் துப்பாக்கியும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நகரும். உடலின் எடையில் ஒரு பங்கு துப்பாக்கியின் எடையோடு சேர்ந்துகொள்ளும். பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கட்டையைத் தோள்குழியில் அழுத்தச் சொல்வதன் இயற்பியல் இதுதான்.

பரப்பும் முக்கியம். பின்கட்டையின் முகம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் அகலம். மொத்தம் 48 சதுர சென்டிமீட்டர். அது முழுதும் தோள்குழியில் பதிந்தால் 600 நியூட்டனும் பரவி இறங்கும். கட்டை நீளம் அதிகமாகி, அடிமுனை மட்டும் மார்பில் ஊன்றினால் மூன்றில் ஒரு பங்குப் பரப்பில் அதே விசை. அழுத்தம் மூன்று மடங்கு. மறுநாள் காலையில் நீலம் பாரித்திருப்பது அந்த இடத்தில்தான். சராசரி ஆணின் கைக்குச் செய்த கட்டையை உயரம் குறைந்த பெண்ணோ பதின்வயதுப் பிள்ளையோ பிடிக்கும்போது நடப்பது இதுவே. அவர்களுக்கு 20 போர் வாங்கிக் கொடுப்பதற்கு முன், கட்டையை அளவெடுத்துச் சுருக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குழல் எப்போதும் தோளின் தொடுபுள்ளிக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் உதை துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவதோடு குழலின் மூக்கை மேலே தூக்கவும் செய்கிறது. கட்டை கன்னத்தில் இடிக்கிறது. டிராப் வீரர்களின் துப்பாக்கியில் இரண்டு குழல்களும் மேலும் கீழுமாக இருக்கும். முதல் தோட்டாவைக் கீழ்க்குழலிலிருந்து சுடுவது வழக்கம். கீழ்க்குழல் தோளின் கோட்டுக்கு நெருக்கம், மூக்கு குறைவாக எழும்பும், இரண்டாம் தோட்டாவுக்குக் குறி கலையாமல் இருக்கும்.

காது சொல்லும் பொய்

கடைசியாக, மூளை. சுடுபவரின் காதருகே இந்தத் துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். காது அடைப்பான் இல்லாமல் சுட்டவர், அதே தோட்டா அதே துப்பாக்கியில் பலமாக உதைத்ததாகச் சொல்வார். சத்தத்தையும் தள்ளலையும் மூளை ஒரே அடியாகச் சேர்த்து எழுதிக்கொள்கிறது. குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கு முரட்டுப் பெயர் வந்ததில் எடைக்குறைவுக்கு ஒரு பங்கென்றால், முகத்துக்கு அருகே வெடிக்கும் சத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அடி வாங்கிய மூளை அடுத்த முறை காத்திருக்காது. விசையை இழுக்கும் நொடியில் கண் மூடும், தோள் முன்னே பாயும், குழல் தாழும். இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மி ஒன்றைச் சுடுபவருக்குத் தெரியாமல் ஏற்றிவிடுவார்கள். விசை 'டிக்' என்று விழும். வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழலின் மூக்கு ஒரு சாண் கீழே குனியும். மற்ற நேரங்களில் உதையின் மறைவில் ஒளிந்திருந்த அந்தக் குனிவு அப்போது எல்லார் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

மனிதன் ஒரு தொடுகையை உணர்ந்து அசைவதற்கு 150 மில்லிவினாடியாவது வேண்டும். ரவை குழலை விட்டுப் போவது மூன்றாவது மில்லிவினாடியில். ஆகவே உதைக்குச் சுடுபவர் காட்டும் எதிர்வினை அதே தோட்டாவின் குறியைக் கெடுப்பதில்லை. கெடுப்பது அடுத்த தோட்டாவின் குறியை. 125 தட்டுகள் கொண்ட போட்டியில், 18 ஜூலுக்கும் 27 ஜூலுக்கும் உள்ள வித்தியாசம் முதல் சுற்றில் தெரியாது. நான்காவது, ஐந்தாவது சுற்றில் தெரியும்.

இனி யாராவது "எந்த போர் குறைவா உதைக்கும்?" என்று கேட்டால், நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். தோட்டாவில் எத்தனை கிராம்? என்ன வேகம்? துப்பாக்கி எத்தனை கிலோ? கட்டை உங்கள் தோளுக்கு அளவானதா? இந்த நான்குக்கும் விடை தெரிந்துவிட்டால் குழலின் எண்ணைக் கேட்கவேண்டிய தேவையே இராது. விடை தெரியாதவரை 12 என்றும் 20 என்றும் சொல்லும் தீர்ப்பு எதையும் நம்பாதீர்கள்.